ஏரியில் இன்று எத்தனை அடி?

மழை வலுத்தால் பூந்தமல்லிப் பக்கம் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி?

இப்போது பலர் இதை ஏஐ செயலியிடம் கேட்கிறார்கள். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, உபரி நீர் அடையாற்றில் சேரும் என்றெல்லாம் அது நன்றாகவே விளக்கும். இன்று காலை மட்டத்தை மட்டும் அதன் வாய்ச்சொல்லாக நம்பிவிடாதீர்கள். பழைய கணக்கையும் தயங்காமல் இன்றையது போலச் சொல்லிவிடும். இணையத்தில் தேடினாலோ 2015 டிசம்பர் வெள்ளக் காட்சி முன்னால் வந்து நிற்கும், தேதியைப் பாருங்கள். ஏரிகளின் அன்றாட நீர்மட்டத்தைச் சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணையதளமே வெளியிடுகிறது.

எண் கிடைத்ததும் பதறவும் வேண்டாம். திறந்துவிடும் தண்ணீர் திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம் வழியாகச் சைதாப்பேட்டைக்குப் போகிறது. வடக்கே இருக்கிற ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் அது வராது. அங்கே தெருவில் நிற்பது அந்தப் பகுதியின் மழைநீர். எந்தத் தெருவில் முதலில் ஏறும் என்பதைப் பல மழைக்காலம் பார்த்த பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த விவரம் திரையில் எளிதில் கிடைக்காது. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ இன்றே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.