சிறுவர் கைக்குப் புகையிலை எட்டும் வழி

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பாசனம் முதலிய பணிகளைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். வளரும் பிள்ளைகளின் உடல்நலமும் ஊரின் செல்வமே. 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரிடையே நடந்த ஆய்வில், நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் புகையிலைப் பழக்கம் உடையவராய்க் காணப்பட்டனர். அந்த இளம் வயதில் இவ்வெண்ணம் எவ்வாறு பிறக்கிறது?

முதற் காரணம் நம் இல்லத்திலேயே உள்ளது. "தம்பி, ஒரு கட்டுப் பீடி வாங்கி வா" என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறோம். அதன் விலையையும் விற்குமிடத்தையும் அவனுக்கு அறிவித்தவர் நாமே.

இரண்டாவது, பெரியவனாகத் தோன்றும் ஆசை. மடை திருப்பத் துணைவரும் சிறுவன், வரப்பில் இளைப்பாறும் பெரியவர் செய்வதைத் தானும் செய்ய விழைவது இயல்பு. தோழன் ஒருவன் நீட்டினால் மறுக்க நாணுகிறான். ஒற்றைப் பீடியும் சிறு பொட்டலமும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன.

மூன்றாவது, தவறான நம்பிக்கை. புகையிலை பல்வலியைத் தீர்க்கும், பசியை அடக்கும், இரவில் நீர் பாய்ச்சும்போது உறக்கத்தை விரட்டும் என்று நம்மவர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கின்றனர். மூளை முதிராத பருவத்தில் நிகோடின் விரைவில் அடிமைப்படுத்திவிடும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. விளையாட்டாகத் தொட்டது நாளடைவில் வாய்ப்புற்றுநோய்க்கும் வழிகோலலாம்.

திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களில் புகையிலை பயிரிட்டு வாழும் உழவர் உண்டு. அவர்தம் உழைப்பை நாம் பழிக்கவில்லை. தம் பிள்ளை அதைச் சுவைக்க வேண்டுமென அவர்களும் விரும்பமாட்டார்கள்.

2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்பது குற்றம். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் யாருக்கு விற்பதும் குற்றம். ஊராட்சி உறுப்பினர் பள்ளியருகே உள்ள கடைக்காரரிடம் இதை இன்சொல்லால் எடுத்துக் கூறுக. அடுத்த கிராம சபையில் இதைப் பொருளாக வைத்துத் தீர்மானம் இயற்றுக. மாலை வேளையில் பிள்ளைகள் கூடி விளையாட ஓர் இடம் ஒழுங்கு செய்க.

இவற்றுக்கெல்லாம் பணம் மிகுதியாக வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பீடி வாங்க அனுப்புவதில்லை என்னும் உறுதியை ஒவ்வோர் இல்லமும் இன்றே மேற்கொள்ளலாம். அதை உறுப்பினராகிய நம் வீட்டிலிருந்தே தொடங்குவோமாக.