கைக்கெட்டும் விலையில் ஒரு கிற்றார்

விசுவமடுவில் மிளகாயும் வெங்காயமும் பயிரிடும் கமக்காரர் ஒருவரிடம் மகன் கிற்றார் வேண்டுமெனக் கேட்கிறான் என வைத்துக்கொள்வோம். தந்தையார் இசை பயின்றவரல்லர். கையிலிருப்பதோ ஒரு போகத்தில் மிஞ்சிய சிறு தொகை. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் பாடல்களோடு கிற்றாரின் ஒலி இலங்கைத் தமிழரிடையே நன்கு பரவியது. ஆயினும் அக்காலத்துக் கருவியொன்றைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டும் வாய்ப்பு, 2009 இல் அனைத்தையும் விட்டு இடம்பெயர்ந்த ஊரில் அரிது. பரந்தன் சந்தி வழியாக யாழ்ப்பாணம் சென்றுதான் வாங்கவேண்டுமாயின், பிழையான கருவியை மறுநாளே திருப்பிக் கொடுத்தலும் எளிதன்று. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், இறக்குமதிப் பொருளின் விலையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே கடையிலேயே சோதித்தல் வேண்டும். அதற்குப் பிள்ளையின் அடிமட்டம் ஒன்று போதும். வீணையிற்போலக் கிற்றாரிலும் மெட்டுகள் உண்டு. பன்னிரண்டாம் மெட்டுக்கு மேல் உருக்குத் தந்தி 2 முதல் 3 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்றல் நன்று. நைலோன் தந்தியாயின் 4 வரை செல்லலாம். மலிவுக் கருவிகள் பலவற்றில் இவ்வுயரம் மிகுந்திருக்கும். பிள்ளை விரல் நோக அழுத்துவான், சுரம் சேராது. குற்றம் கருவியில் இருக்க, தனக்கு இசை வராது என்று அவன் நம்பிவிடுவான். பணம் போவதினும் பெரிய நட்டம் அது.

அடுத்தது செவியின் வேலை. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவிடம். தந்தியை வெறுமையாக மீட்டி, பின்னர் அம்மெட்டில் அழுத்தி மீட்டினால், அதே சுரம் மேல் தாயியில் ஒலிக்கவேண்டும். புதிய தந்தியிலும் அது பிசகுமாயின், குதிரை தக்க இடத்தில் அமையவில்லை என ஐயுறலாம். எத்துணை சுருதி கூட்டினும் அக்குறை தீராது. தச்சர் பலகையை ஒற்றைக் கண்ணால் நோக்குவதுபோலக் கழுத்தையும் நோக்குக. ஆறு உருக்குத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் விசையுடன் இழுப்பதால், நலிந்த கழுத்து வளையும், குதிரையும் பெயரும்.

ஒட்டுப்பலகையாலான மேற்பலகையை இகழவேண்டியதில்லை. முழுமரத்தின் நாதம் இனிதுதான். ஆனால் வன்னியின் வரட்சியில் அது வெடிக்கக்கூடும். யமஹாவின் எஃப்310, நைலோன் தந்தியுடைய சி40 என்பன ஒட்டுப்பலகைக் கருவிகளே. இதனை விளம்பரமாகக் கொள்ளற்க. ஒப்பிட ஓர் அளவுகோல், அவ்வளவே. பளபளக்கும் பூச்சுக்காகப் பணம் கூட்டிக் கொடுப்பது வீண். பத்து வயதுப் பிள்ளைக்கு முக்கால் அளவுக் கருவியும் நைலோன் தந்தியும் பொருந்தும்.

எல்லாம் நன்றாயிருந்து தந்தி மட்டும் சற்று உயர்ந்திருப்பின், கருவியைத் தள்ளிவிடவேண்டாம். குதிரைமேல் செருகிய சிறு துண்டைக் கழற்றி, அதன் அடிப்புறத்தைக் கைதேர்ந்தவர் சிறிது சிறிதாக அராவித் தரலாம். அந்தச் செலவுக்கும் மாற்றுத் தந்தித் தொகுதி ஒன்றுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு கடைக்குச் செல்க.