அறிவாளிக் குழந்தைக்கு என்ன கிஃப்ட் வாங்குறது?

சேலையூர்ல இருக்குற என் அக்கா பையனுக்கு எட்டு வயசு. கணக்குல புலி. போன பிறந்தநாளுக்கு 'மூளையை வளர்க்கும்'னு அட்டையில போட்டிருந்த ஒரு கிட் வாங்கிட்டுப் போனேன். விலை சொன்னா அக்கா திட்டும். அரை மணி நேரத்துல முடிச்சுட்டான். முடிச்சுட்டு கேட்டான்: "மாமா, இதுக்கும் மார்க் போடுவீங்களா?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடல. நான் கொடுத்தது பரிசா, இன்னொரு பரீட்சையா?

அப்போதான் ராமானுஜன் ஞாபகம் வந்தார். கும்பகோணத்துல அவங்க வீட்ல தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள்கிட்ட லோனி எழுதின முக்கோணவியல் புத்தகத்தைக் கடன் வாங்கிப் படிச்சார். அப்புறம் 15, 16 வயசுல கார் எழுதின புத்தகம் கைக்குக் கிடைச்சது. கிட்டத்தட்ட 5,000 தேற்றங்கள். ஆனா பெரும்பாலானதுக்கு முழு நிரூபணம் கிடையாது. அந்தக் குறைதான் அவருக்குத் தீனி; மீதியை அவரே போட்டுப் பார்த்தார். ரெண்டுமே காசு கொடுத்து வாங்கின புதுப் புத்தகம் இல்லைங்கிறதையும் கவனிங்க.

அதனால இந்த வருஷம் மேற்கு தாம்பரம் சண்முகம் ரோடுல ஒரு டேப், ஒரு பாகைமானி, கொஞ்சம் நூல், ஒரு நட்டு. அவ்வளவுதான். தாம்பரத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி ரெண்டு பேரும் பரங்கிமலை போனோம். 1802-ல லாம்டன் இங்க பக்கத்துலதான் 100 அடி எஃகுச் சங்கிலியை வெச்சு சுமார் 12 கிலோமீட்டருக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். அதுக்கப்புறம் கோணங்களை அளந்தே தூரங்களைக் கணக்குப் போட்டாங்க. அந்த சர்வே பின்னாடி இமயமலை வரைக்கும் போச்சு. இதைச் சொன்னதும் பையன் மலையைப் பார்க்கல, நூலைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து தெருமுனை தண்ணி டேங்க். பாகைமானியோட நேர் விளிம்பு வழியா டேங்க் உச்சியைப் பார்த்துக்கிட்டே நூல் 45-ல வர்ற வரைக்கும் பின்னாடி நடக்கணும். அங்கிருந்து டேங்க் அடிக்கு என்ன தூரமோ அதுதான் உயரம்னு சொல்லிக் கொடுத்தேன். அளந்தான், எழுதினான். ராத்திரி சாப்பாட்டுல பாதியில எழுந்தான்.

"மாமா, தப்பு! நான் தரையில இருந்தா பார்த்தேன்? என் கண்ணுல இருந்துதானே பார்த்தேன்?"

நான் வேணும்னே விட்டேன்னு அக்கா நெனச்சுட்டு இருக்கு. சத்தியமா எனக்கே தோணல. டேப்பை எடுத்துட்டு வந்து சுவத்துல சாஞ்சு நின்னான், கண்ணு வரைக்கும் அளக்கச் சொல்லி.