'டூரிஸ்ட் பேமிலி': கடல் தாண்டி வந்த ஒரு குடும்பம்

(தாம்பரத்தில் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



சினிமாவைப் பற்றிப் பேச மேடையேறுவது எனக்கே புதிது. சினிமா என்றாலே நம்மவர்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. கதாநாயகன் பத்துப் பேரை அடிப்பான், பணக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வான், வறுமை தீர்ந்துவிடும். நாம் கைக்காசைத் தொலைத்துவிட்டு வீடு திரும்புவோம். 1960-ல் நிமாய் கோஷ் தொழிலாளிகளின் வாழ்க்கையை வைத்து 'பாதை தெரியுது பார்' எடுத்தார். படம் ஓடவில்லை. ஆனால் 2025 மே தினத்தன்று வெளிவந்த 'டூரிஸ்ட் பேமிலி' ஓடியது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம் அது. சிரித்துக்கொண்டே பார்க்கலாம். சிரித்து முடித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் பேச வந்தேன்.

கதை இதுதான். இலங்கையில் பிழைக்க வழியற்றுப்போன ஒரு தமிழ்க் குடும்பம், தாஸ், அவன் மனைவி வசந்தி, இரண்டு பிள்ளைகள், இரவோடு இரவாகப் படகேறி ராமேஸ்வரம் வருகிறது. கரையிலேயே போலீஸில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு போலீஸ்காரர் மனமிரங்கி விட்டுவிடுகிறார். வசந்தியின் சகோதரன் அவர்களைச் சென்னைக்கு அழைத்துவந்து ஒரு காலனியில் குடிவைக்கிறான். வாயைத் திறந்து இலங்கைத் தமிழ் பேசிவிடக்கூடாது என்பது அவன் போடும் நிபந்தனை. வேடிக்கை என்னவென்றால், குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரே போலீஸ் இன்ஸ்பெக்டர்!

இது கற்பனைக் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2022-ல் இலங்கை சர்க்கார் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று கைவிரித்தது. பால் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஆட்சியாளர்கள் பட்ட கடனை உழைப்பாளி வயிற்றில் தீர்த்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சு மாதத்திலிருந்தே ராமேஸ்வரம் கரையில் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து இறங்கின.

இப்போது படத்திற்கு வருகிறேன். அந்தக் காலனியில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் யாருக்கும் தெரியாது. கதவு சாத்தியே கிடக்கும். ஒளிந்து வாழவேண்டிய இந்தக் குடும்பமோ ஒளியத் தெரியாத குடும்பம். யாரைக் கண்டாலும் நின்று பேசுகிறது, சிரிக்கிறது, உதவிக்கு ஓடுகிறது. அந்தத் தெருவில் ஒரு மூதாட்டி இறந்துபோகிறாள். அவள் கணவன் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தாஸ் முன்னின்று அந்தத் தெருவையே சாவு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறான். நாலு பேர் கூடி எடுத்துப்போடாத சாவு ஒரு சாவா? கிராமத்தில் பிறந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கொட்டகையில் என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

தாம்பரத்தில், பெருங்களத்தூரில், பல்லாவரத்தில் இருக்கிற நம்மில் எத்தனை பேர் இந்த மண்ணில் பிறந்தவர்கள்? தஞ்சாவூரில் அறுவடை வேலை அற்றுப்போனவர்கள், விழுப்புரம் பக்கம் கிணறு வற்றிப் போனவர்கள், ரயிலேறி வந்தவர்கள்தாம் பாதிப் பேர். 1984-ல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் தொடங்கியபின் வந்தவர்கள் அநேகம். இன்றைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கு வருகிறார்கள். வீடு கேட்டுப் போனால் என்ன கேள்வி? எந்த ஊர், என்ன ஜாதி, கறி சாப்பிடுவீர்களா? கேட்கிறவர் பல சமயம் முதலாளிகூட இல்லை, தோழர்களே. மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற நம் ஆளேதான்!

படத்தின் கடைசியில் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போலீஸ் வருகிறது. குண்டு வெடிப்புப் பழி அவர்கள் தலையில் விழப்போகிறது. அப்போது அந்தத் தெருவாசிகள் செய்கிற காரியம் அற்புதமானது: ஆளுக்கு ஆள் இலங்கைத் தமிழ் பேச ஆரம்பிக்கிறார்கள். யார் உள்ளூர், யார் அயலூர் என்று கண்டுபிடிக்க முடியாமல் போகிறது. ஆலையில் வேலைநிறுத்தத்தின்போது, "யார் தூண்டியது?" என்று மேனேஜர் கேட்க, எல்லோரும் "நான்தான்" என்று முன்வந்து நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

இங்கேதான் படத்தோடு எனக்குச் சண்டை. அந்தக் குடும்பம் பிழைத்தது எதனால்? ஒரு போலீஸ்காரர் இரக்கப்பட்டார், தெருவாசிகள் காப்பாற்றினார்கள். இரக்கமில்லாத போலீஸ்காரர் அன்றைக்குப் பணியில் இருந்திருந்தால்? சட்டம் என்ன சொல்கிறது என்று படம் மூச்சு விடவில்லை. அகதிகள் பற்றிய 1951-ம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு. முஸ்லிம்கள் இல்லை, இலங்கையும் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஒரு சலுகை கொடுத்தது: 2015 ஜனவரி 9-ந் தேதிக்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட் இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று. அது குடியுரிமை அல்ல. தாஸ் குடும்பம்போல் 2022-க்குப் பின் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இது புதிய அநியாயமுமல்ல. நம் பாட்டன்மார் தேயிலைத் தோட்டத்தில் ரத்தம் சிந்தினார்கள். 1948-ல் அவர்களுடைய குடியுரிமையை இலங்கை பறித்தது. 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். அந்த ஜனங்களை ஒருவரும் கேட்கவில்லை. மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் நீலகிரியில் மறுபடியும் தேயிலையே பறித்தார்கள்.

படத்தைப் பாருங்கள், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். இன்னொரு விஷயம். இந்த வட்டாரத்தில் ஊரைச் சொல்லியோ ஜாதியைச் சொல்லியோ வீடு மறுக்கப்பட்ட குடும்பங்கள், அது பீகார்க் குடும்பமானாலும் சரி, கூட்டம் முடிந்ததும் இந்த மேசையருகே வந்து விவரம் கொடுங்கள். வாடகைக்கு விடுகிற தோழர்களும் இருங்கள். உங்களிடமும் பேச வேண்டியிருக்கிறது.