பக்கத்து வாங்குப் பிள்ளை

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் உடல்நலம் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். இரும்புச்சத்து, நித்திரை, கைத்தொலைபேசி என்று ஒரு தாளில் குறித்தும் வைத்திருந்தேன். காலையில் வந்து எங்களுடைய பழைய வகுப்பறையை எட்டிப் பார்த்தபிறகு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். உங்களுடைய பிள்ளையைப் பற்றி அல்ல, உங்கள் பிள்ளைக்குப் பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

1993ஆம் ஆண்டு நான் ஆண்டு 8. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டு, மூக்குத் துவாரத்தில் கரியோடு பள்ளிக்கூடம் வருவோம். என்னுடைய வாங்கில் ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்லமாட்டேன், இங்கிருக்கும் என் வகுப்புத் தோழிகளுக்கு ஆளைத் தெரியும். கவராயத்தால் பக்கத்தில் இருப்பவர்களின் கையில் குத்துவாள். இரண்டாம் பாடத்திலேயே மேசையில் தலையை வைத்து நித்திரையாகிவிடுவாள். மற்றவர்களின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பாள். என்னுடைய இடியப்பமும் இரண்டு மூன்று தடவை போனது.

நான் வீட்டில் சொன்னேன். அம்மா வகுப்பாசிரியையிடம் வந்தார். "ரீச்சர், என்ர பிள்ளைக்குப் பக்கத்தில அவளை இருத்தாதேங்கோ." அம்மா மட்டுமல்ல, வேறு இரண்டு தாய்மாரும் வந்தார்கள். அடுத்த கிழமை அவளைக் கடைசியில், சன்னலோரம், தனி வாங்கில் இருத்தினார்கள். எனக்கு எழுத இடம் கிடைத்தது. சந்தோசமாகத்தான் இருந்தேன்.

இதில் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் கிணற்றடியில் அவள் சட்டைக் கையை மடித்து முகம் கழுவினாள். மேல்கையில் இடுப்புப்பட்டியால் அடித்த தழும்புகள். சில பழையவை, சில புதியவை. நான் பார்த்ததைக் கண்டுவிட்டு, "ஆருக்கும் சொல்லிப்போடாதை" என்றாள். நான் சொல்லவில்லை. கோள்மூட்டி என்று பெயரெடுக்கக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை நான். இரகசியம் காத்ததில் ஒரு பெருமைகூட இருந்தது.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. இடியப்பம் போனது உண்மை. கவராயக் குத்தும் உண்மை. ஆனால் எல்லா முறைப்பாடும் எங்களைக் காப்பாற்றச் சொல்லித்தான் போனது. அவளுக்காக ஒருவரும் போகவில்லை. போயிருக்கக்கூடிய ஒரேயொருத்தி இடியப்பத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். ஆசிரியையை நான் குறைசொல்லவில்லை. எங்களை வைத்துச் சமாளித்ததே பெரிய காரியம். இரைச்சல் கேட்டால் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் இறக்கும் கவலையும் அவருக்கு இருந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு வகுப்பே சிதறியது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்களில் அவள் இல்லை.

இப்போது சிறுவர் மருத்துவப் பிரிவில் வேலைசெய்கிறேன். "சொல்வழி கேட்காத பிள்ளை" என்று கூட்டிவருவார்கள். மத்திய காதில் நீர் தேங்கி, ஆசிரியை சொல்வது பாதிதான் கேட்டிருக்கும். "கனவு காண்கிறாள், படிப்பில் கவனமில்லை" என்பார்கள். வலிப்பில் ஒரு வகை உண்டு. பிள்ளை விழமாட்டாள், கைகால் இழுக்காது, சில வினாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து எழுதுவாள். ஒரு நாளில் பல தடவை வரும். வகுப்பில் பக்கத்தில் இருப்பவள் அதை முதலில் கவனிக்கக்கூடும். வளர்ந்தவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் ஒடுங்கிப் போவார்கள். பிள்ளைகளிடம் அது பல நேரம் எரிச்சலாகவும் சண்டையாகவும் வெளிப்படும். எல்லாக் குழப்படிக்கும் நோய்ப்பெயர் தேடச் சொல்லவில்லை. பிள்ளைகள் குழப்படி செய்வார்கள், நாங்களும் செய்தோம். முன்பு இல்லாத மாற்றம் ஒன்று வந்து, அது நிற்காமல் தொடர்ந்தால் யாராவது கேட்கவேண்டும்.

சென்ற ஆண்டு இது என் வீட்டுக்கே வந்தது. மகள் கொழும்பில் தரம் 7இல் படிக்கிறாள். ஓரிரவு சாப்பிடாமல் இருந்தாள். அவளுடைய வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொப்பியின் பின்பக்கத்தில், தான் இல்லாமல் போனால் ஒருவரும் தேடமாட்டார்கள் என்று எழுதியிருந்தாளாம். "அம்மா, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ." அந்தச் சத்தியத்தைத் தரமுடியாது என்றேன். அழுதாள், என்னோடு கோபித்தாள். ஏன் தரமுடியாது என்று சொல்லக் கிணற்றடிக் கதையை முதன்முதலாக அவளுக்குச் சொன்னேன்.

அந்தப் பிள்ளையைப் பற்றிப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே கதை தொடங்கியிருந்தது. "அதோட சேரவிடாதேங்கோ" என்று ஒரு தாய். கீழே கைகூப்பிய படங்கள். அதில் நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. அங்கே எழுதினால் அன்றிரவே முப்பது வீடுகளுக்குத் தெரியும். தெரியவேண்டிய ஆசிரியைக்கு மட்டும் தெரியாது. பிள்ளையின் தாய்க்கு நேரே தொலைபேசி எடுக்கவும் யோசித்தேன். சின்ன விடயம், பழகிய குடும்பம் என்றால் எடுத்திருப்பேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாதபோது அது ஆபத்து. பிள்ளைக்கு அடியாகப் போய் முடியலாம்.

மறுநாள் காலை மணி அடிக்கமுதல் வகுப்பாசிரியையைத் தனியே கண்டேன். இப்படியானதை வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்கக்கூடாது. அரைத்தாளில் எழுதிக் கொண்டுபோனேன்: மகள் எந்த நாளில் என்ன கண்டாள், எழுதியிருந்த சொற்கள் எவை, எனக்குத் தெரியாதவை எவை. "அந்தப் பிள்ளைக்கு மனநோய்" என்று எழுதவில்லை. வைத்தியராக இருந்தும் காணாத பிள்ளைக்கு நான் நோய் சொல்லமுடியாது. "குடும்பம் சரியில்லையாம்" என்ற ஊர்க்கதையையும் விட்டுவிட்டேன். இரண்டே வேண்டுகோள் வைத்தேன். அந்தப் பிள்ளையை வகுப்பின் முன்னால் கூப்பிடவேண்டாம். என் மகள் சொன்னதாகவும் சொல்லவேண்டாம். "இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே உண்டாக்கினதாகாதா?" என்று ரீச்சர் பயந்தார். ஆகாது, சாகவேண்டும் போல இருக்கிறதா என்று அன்பாகக் கேட்பதால் எண்ணம் வருவதில்லை, ஒருவர் கேட்டாரே என்று பிள்ளைகள் ஆறுதல்தான் படுகிறார்கள் என்று சொன்னேன். அவசர நிலையில் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நேரே போகலாம் என்பதையும், 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் அதே தாளில் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில், "பிரதி அதிபரோடும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையோடும் கதைச்சிட்டம், நன்றி" என்றார். அவ்வளவுதான். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன், சொல்லவில்லை. ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், என் நோயாளியைப் பற்றிப் பக்கத்து வீட்டார் கேட்டால் நானும் இப்படித்தானே பதில் சொல்வேன். பாடசாலை உங்களுக்கு விளக்கம் தராவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கிழமைகள் கடந்தும் அந்தப் பிள்ளை அப்படியே இருந்தால் திரும்பப் போங்கள், இம்முறை அதிபரிடம்.

உங்கள் பிள்ளைக்கு அடிவிழுகிறது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பாதுகாப்புக் கேட்பது தவறில்லை. என் அம்மா கேட்டதும் தவறில்லை. இடத்தை மாற்றச் சொல்லும்போது, "அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்குது எண்டும் ஒருக்காப் பாருங்கோ ரீச்சர்" என்று இன்னொரு வசனத்தையும் சேருங்கள்.

உடலில் தழும்பு, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு அல்லது விளையாட்டு, வீட்டுக்குப் போகப் பயம், இவற்றுக்குப் பாடசாலையோடு மட்டும் நின்றுவிடவேண்டாம். 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். 1993இல் இவை ஒன்றுமே இல்லை. மலர் வழியாக இதை வாசிக்கப்போகும் வெளிநாட்டுத் தோழிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு பாடசாலையிலும் சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பான மூத்த பணியாளர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி. ஆனால் லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்களும், மற்றப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளை என்றால், "எங்கட சனத்தைக் காட்டிக்கொடுக்கிறதோ" என்று தயங்குவதை நான் கேட்டிருக்கிறேன்.

மகளும் அந்தப் பிள்ளையும் இப்போது ஒரே வலைப்பந்து அணியில் விளையாடுகிறார்கள். வேறொன்றும் எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

இந்த விழாவுக்காகத் தயாரித்த பெயர்ப்பட்டியலில் எங்கள் வகுப்பைத் தேடிப் பார்த்தேன். அவள் பெயர் இல்லை. சாதாரண தரம் எழுதாமல் போனவர்களின் பெயர்கள் சேர்க்கப்படவில்லை என்று செயலாளர் அக்கா சொன்னார். சேர்க்கலாமா என்று கேட்டேன். ஒரு நாள் வரவு இடாப்பில் பெயர் இருந்தாலும் பழைய மாணவிதான், கட்டாயம் சேர்ப்போம் என்றார். 1993இல் ஆண்டு 8 'பி' பிரிவில் இருந்தவர்களே, உங்களில் யாருக்காவது அவளுடைய விலாசம் தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.