சிரம்பானில் வளர்ந்தவர்

 

எஸ். ராஜரத்தினம் என்றால் சிங்கப்பூர்தான் நினைவுக்கு வரும். 1915இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர் வளர்ந்தது நம் சிரம்பானில். தந்தை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். லயத்துப் பிள்ளைகளைவிட வசதி இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் சட்டம் படிக்க லண்டன் போனவருக்கு, உலகப் போரால் வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. வக்கீல் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. சிறுகதையும் கட்டுரையும் எழுதிப் பிழைத்தார். போருக்குப் பின் சிங்கப்பூரில் பத்திரிகையாளரானார். 1965இல் அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர். 8.8.1967 அன்று பேங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் நம் துன் ரசாக்கோடு கையெழுத்திட்டார்.

எஸ்பிஎம் முடிவைப் பார்த்து ஒடுங்கிப்போன பிள்ளை வீட்டில் இருந்தால், அதற்கு வேறு என்ன நன்றாக வரும் என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.