வேமனரின் அறவுரைப் பாங்கு
(உரையின் எழுத்து வடிவம்)

அறிவுரை கூறுதல் எளிது. கேட்போர் மனம் புண்படாது அதனை ஏற்கச் செய்தல் அரிது. வகுப்பறையில் ஆசிரியரும், சிற்றூரில் விரிவாக்க அலுவலரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் இச்சிக்கலுக்குத் தெலுங்குக் கவிஞர் வேமனரின் பாடல்களில் தெளிவான விடை ஒன்று கிடைக்கின்றது.

வேமனரின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பதினேழாம் நூற்றாண்டு என்பது பலர் கொள்கை. தெலுங்கு மாவட்டங்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராகப் பணியாற்றிய சார்லஸ் பிலிப் பிரவுன், சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கி, 1829-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அப்பாடல்களை வெளியிட்டார். எனினும் ஏட்டைக் காட்டிலும் மக்கள் நாவிலேயே அவை மிகுதியாக வாழ்ந்து வந்துள்ளன.

உவமையும் வினாவும்

இப்பாடல்களிற் பெரும்பாலானவை ஆட்டவெலதி என்னும் எளிய யாப்பில் அமைந்த நான்கடிப் பாடல்கள். பலவற்றில் முதல் இரண்டடிகள் கண்ணறிந்த காட்சி ஒன்றைக் காட்டும். மூன்றாம் அடி கருத்தை உரைக்கும். உப்பும் கற்பூரமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் சுவையால் வேறுபடுகின்றன. மாந்தரும் அவ்வாறே என்கிறார் வேமனர். வேப்பிலையும் தின்று பழகினால் இனிக்கும், பாடப் பாட இராகம் மெருகேறும் என்று காட்டி, இடைவிடாப் பயிற்சியே செயலை முடிக்கும் என நிறுவுகிறார். முன்னேற்றம் பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது என்னும் கருத்து இங்கே விளக்கமின்றியே விளங்கி விடுகின்றது. வேம்பின் கசப்பை அறியாதவர் எவர்?

இரண்டாவது உத்தி வினா. வெண்கலம் ஒலிப்பதுபோலப் பொன் ஒலிக்குமோ என்று கேட்டு, ஆரவாரப் பேச்சின் வெறுமையைப் புலப்படுத்துகிறார். கலம் தூய்மையாக இல்லாதபோது சமையலால் என்ன பயன், உள்ளம் தூய்மையாக இல்லாதபோது பூசையால் என்ன பயன் என்று வினவுகிறார். இவ்வினாக்களுக்குக் கவிஞர் விடை கூறுவதில்லை. விடை கேட்போர் வாயிலிருந்தே பிறக்கின்றது. பிறர் கூறிய தீர்ப்பை மறுக்கலாம். தாமே கூறிய விடையை மறுப்பது கடினம்.

தன்னை விளித்தல்

மூன்றாவது உத்தியே தலையாயது. பெரும்பாலான பாடல்களின் ஈற்றடியில் கவிஞர் தம் பெயரையே விளித்துக் ‘கேள்’ என்கிறார். அவ்வடியின் பிற சொற்களுக்குப் பொருள் பலவாறு கூறப்படினும், இவ்விளி ஐயத்துக்கு இடமற்றது. அறிவுரையின் முதல் மாணவர் கவிஞரே ஆகிறார். கேட்பவர் அருகில் அமர்ந்து உடன் கேட்கும் மற்றொருவர் ஆகிறார். குற்றம் இல்லாதவர் உலகில் இல்லை, ஆயினும் பிறர் குற்றத்தை எண்ணுவோர் தம் குற்றத்தை அறியார் என்று அவர் பாடும்போது, அவ்வடி அவரையே முதலில் சுட்டுகின்றது. ஆகவே அங்குக் கூறுபவர் மேலும் கேட்பவர் கீழுமாக நிற்பதில்லை.

வேமனரின் பெயரால் வழங்கும் பாடல்கள் யாவும் இத்தகையன அல்ல. பெண்களை இழித்துரைப்பனவும் சில உள்ளன. அவற்றுள் பிற்காலத்தார் சேர்த்தவை எவை எனப் பிரித்தறிவது எளிதன்று. அத்தகைய இடங்களில் ஈற்றடி மாறாது நின்றாலும், தன்னை நோக்கிய பார்வை பிறரை நோக்கிய ஏளனமாகி விடுகின்றது. ஏளனம் சிரிப்பை விளைவிக்குமேயன்றித் திருத்தத்தை விளைவிப்பதில்லை. வேமனரின் உத்திக்கு இதுவே எல்லை. அதன் ஆற்றலை உறுதிப்படுத்தும் சான்றும் இதுவே.

எழுத்தறிவு, தூய்மை, சேமிப்பு, குடிப்பழக்க ஒழிப்பு முதலியவற்றை மக்களிடம் எடுத்துச் செல்வோர்க்கு இதில் பாடம் உண்டு. பொதுமக்கள் அறிந்த பொருளிலிருந்து தொடங்குதல், விடையை அவர்களிடமே விடுதல், கட்டளையைத் தனக்கும் உரியதாகக் கொள்ளுதல் ஆகிய மூன்றும் செலவில்லாத வழிகள். குடிநீரைக் காய்ச்சிப் பருகுக என்று கூறும் அலுவலரின் அலுவலகத்துப் பானையை ஊரார் முதலில் பார்ப்பர் என்பதை அவர் மறத்தலாகாது.